நீர்க்கடுப்பு நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்தலாமா?

கேள்வி: வயது 42. சர்க்கரை, பிரஷர் இல்லை, கர்ப்பமாகவும் இல்லை. போன மாதம் நீர்க்கடுப்புக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசின் நாலு மாத்திரை போட்டேன். பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது. இப்போது டாக்டர் நைட்ரோஃபுரான்டாயின் 100 மி.கி., காலை, இரவு என 5 நாளுக்கு எழுதியிருக்கிறார். வீட்டில் மிச்சமிருந்த சிட்ரேட் சிரப்பையும் குடிக்கிறேன். இரண்டாம் நாளே எரிச்சல் போய்விட்டது. ஆனால் சிறுநீர் டிகாஷன் மாதிரி போகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: வேண்டாம், 5 நாளையும் முடியுங்கள். அந்த நிறம் மாத்திரையால் வருவது, முடிந்ததும் போய்விடும். கண் மஞ்சளானாலோ, மூச்சு வாங்கினாலோ, விடாத இருமல் வந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிறுத்த வேண்டியது அந்த சிரப்பைத்தான். அது எரிச்சலைக் கொஞ்சம் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. சிறுநீரின் புளிப்பை வேறு குறைத்துவிடும். நைட்ரோஃபுரான்டாயினோ புளிப்பான சிறுநீரில்தான் நன்றாக வேலை செய்யும். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுப்பது நம் ஊரில் சகஜம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

நைட்ரோஃபுரான்டாயின் ரத்தத்தில் தங்காது. சிறுநீரகம் அதை விறுவிறுவென்று வடித்துச் சிறுநீர்ப்பையில் சேர்த்துவிடும். அதனால்தான் பைக்குள் இருக்கும் தொற்றுக்கு இவ்வளவு பொருத்தம். அதே காரணத்தால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் இது போதாது. குளிர்காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்று வந்தால் 5 நாள் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சாப்பாட்டோடு போடுங்கள்.

சரி, சிப்ரோஃப்ளாக்சசின் ஏன் கைவிட்டது? நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற கிருமி. நம் நாட்டில் அதில் பெரும்பகுதி இந்த மருந்துக்கு மசிவதில்லை. நாலு மாத்திரையில் கடுப்பு அடங்கியிருக்கலாம், கிருமி முழுக்கப் போயிருக்காது.

இந்த முறை குணமானால் கல்ச்சர் (சிறுநீரில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் சோதனை) தேவையில்லை. திரும்ப வந்தால், முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீர் கொடுத்துவிடுங்கள். மருந்து உள்ளே போனபின் கொடுத்தால் கிருமி வளராமல் போகலாம். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதை லேப் டப்பாவில் பிடியுங்கள். டப்பாவின் உள்பக்கம் விரல் படக்கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.