கேளுங்கள், சொல்கிறேன்: கடலோரக் காட்டில் ஒரு நாள்

கேள்வி: அக்கா, தைப்பூசத்துக்குப் பினாங்கு வருகிறோம். பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் மூன்று பேர், எழுபதை நெருங்கும் என் மாமியார். மறுநாள் தெலுக் பகாங் தேசியப் பூங்காவுக்குப் போய் மங்கி பீச், பந்தாய் கெராச்சுட் கடற்கரை, கலங்கரை விளக்கம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே கோலாலம்பூர் கிளம்பலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். முடியுமா? – வாசகி, செந்தூல்

பதில்: முடியாதும்மா. முதல் நாள் வெறுங்காலோடு ரத ஊர்வலத்தில் நடந்து, தண்ணீர்மலை முருகன் கோயிலில் 500க்கும் மேற்பட்ட படி ஏறி இறங்கிய கால்களை மறுநாள் காலையிலேயே காட்டுக்குள் விரட்டப் பார்க்கிறாரே உங்கள் வீட்டுக்காரர், அவருடைய முழங்கால் என்ன சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். ஒரு நாள் ஓய்வெடுத்துவிட்டுப் போங்கள். போகிற அன்றும் ஒரு கடற்கரை போதும்.

வரைபடத்தில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். தீவின் வடமேற்கு மூலையில் இருக்கிற சின்னப் பூங்காதான், 2003இல் தேசியப் பூங்காவானது, அதற்கு முன்னால் பந்தாய் ஆச்சே காப்புக்காடு. ஆனால் நுழைவாயிலிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் கடலை ஒட்டியே தெலுக் அலிங் வழியாக மங்கி பீச்சுக்குப் போகும். இடது பக்கம் மேடு ஏறி அந்தப் பக்கம் இறங்கி கெராச்சுட்டுக்குப் போகும். ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர், பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மணி நேரம், கூடவும் ஆகலாம். கலங்கரை விளக்கம் 1883இல் கட்டியது, கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் மேலே நிற்கிறது, மங்கி பீச்சிலிருந்து செங்குத்தாக ஏற வேண்டும். இந்தத் தடவை அதை விட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால் கெராச்சுட்தான். மங்கி பீச்சில் விடுமுறை நாளில் கூட்டமும் படகுச் சத்தமும் அதிகம், அதற்கு பத்து பெரிங்கி கடற்கரையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். கெராச்சுட்டுக்குப் போகிற வழி நல்ல நிழல். மரவேர்கள் குறுக்கே ஓடி அதுவே படிக்கட்டு மாதிரி ஆகியிருக்கும், ஒவ்வொரு வேருக்குப் பின்னாலும் மண் கழன்று பள்ளம் விழுந்திருக்கும், முந்தின நாள் மழை பெய்திருந்தால் அந்த வேர் சோப்பு தேய்த்த மாதிரி வழுக்கும். அதனால் செருப்பு வேண்டாம். விலை கூடிய மலையேறும் சப்பாத்தும் வேண்டாம், நம் தாத்தா பாட்டிகள் பால்மரக் காட்டுக்குப் போட்டுப்போன அந்தக் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அதான் ‘அடிடாஸ் கம்போங்’, மளிகைக் கடையிலேயே கிடைக்கும். ஈர மண்ணில் அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது.

கடற்கரைக்குச் சற்று முன்னால் ஒரு பாலம் வரும், அதன் கீழே ஒரு ஏரி. மேலே ஆற்றுத் தண்ணீர், அடியில் கடல் தண்ணீர், இரண்டும் கலக்காமல் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும். மேல் தண்ணீர் குளிர்ந்தும் அடித்தண்ணீர் வெதுவெதுப்பாகவும் இருக்கும். உலகத்திலேயே இந்த மாதிரி ஏரிகள் அதிகம் இல்லை. ஆனால் நீங்கள் வருகிற தைப்பூச சமயம் பினாங்கில் வறட்சியான காலம், ஏரி வற்றி வெறும் மண்ணாகக் கிடக்கலாம், பிள்ளைகளிடம் பெரிதாக ஆசை காட்டிவிட வேண்டாம்.

மாமியாருக்குப் படகு. நுழைவாயில் பக்கத்துப் படகுத்துறையில் வாடகைப் படகு கிடைக்கும், ஆளுக்கு இத்தனை என்று இல்லை, படகுக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) என்றுதான் பேசுவார்கள். அதனால் காலையில் யாராவது ஒருவர் மாமியாரோடும் குட்டிப் பிள்ளைகளோடும் படகில் போகட்டும், மற்றவர்கள் நடக்கட்டும், திரும்பும்போது எல்லோரும் சேர்ந்து படகில் வந்துவிடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கை கொடுக்க ஆள் வேண்டும், மிதவைச் சட்டை கேட்டு வாங்கிப் போடுங்கள். திரும்ப அழைத்துப்போக எத்தனை மணிக்கு வருவார் என்று தெளிவாகப் பேசி, படகுக்காரரின் கைப்பேசி எண்ணையும் வாங்கிவிட்டு, முழுப் பணத்தையும் திரும்பி வந்த பிறகு கொடுங்கள். காட்டுக்குள் சிக்னலை நம்ப வேண்டாம். மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவது நல்லது, அதற்கு மேல் தாமதித்தால் மழையும் பிடிக்கும், பத்து பெரிங்கி சாலை நெரிசலும் பிடிக்கும். தஞ்சோங் பூங்காவிலிருந்து தெலுக் பகாங் வரை வளைந்து வளைந்து போகிற அந்தக் கடற்கரைச் சாலை வார இறுதியில் எப்படி இருக்கும் என்று பினாங்குக்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம், அடையாள அட்டை எல்லோருக்கும் வேண்டும். நுழைவாயில் அலுவலகத்தில் பெயர் பதிய வேண்டும், மலேசியர்களுக்குக் கட்டணமும் குறைவு. முந்தின நாளே அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மரம் விழுந்தாலோ மண் சரிந்தாலோ மூடிவிடுவார்கள்.

கேள்வி: கெராச்சுட்டில் குளிக்கலாமா? குரங்குத் தொல்லை எப்படி? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: குளிக்க வேண்டாம். ஆளை உள்ளே இழுக்கிற நீரோட்டமும் இருக்கிறது, ஜெல்லி மீனும் இருக்கிறது, அறிவிப்புப் பலகையும் வைத்திருக்கிறார்கள். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள்.

குரங்குக்கு உங்களைவிட உங்கள் பிளாஸ்டிக் பைமேல்தான் கண். அந்தப் பை சரசரக்கிற சத்தம் கேட்டதும் மரத்திலிருந்து இறங்கிவிடும். நாசி லெமாக் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவரை நான்கைந்து குரங்குகள் சுற்றி வளைத்ததைப் பார்த்திருக்கிறேன், கடைசியில் அவர் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினார், குரங்கு சம்பலை மட்டும் தள்ளிவிட்டுச் சாப்பிட்டது. சாப்பாட்டை மூடியுள்ள டப்பாவில் போட்டு முதுகுப் பைக்குள் வையுங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். கெராச்சுட்டில் கடை கிடையாது, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீராவது எடுத்துப்போங்கள், பிள்ளைகளுக்கு ஒரு ஹண்ட்ரட் பிளஸ் பானம். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: கெராச்சுட்டில் ஆமை முட்டையிடுவதைப் பார்க்க முடியும் என்று மகனின் ஆசிரியர் சொன்னாராம். – வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: முட்டையிடுவதைப் பகலில் பார்க்க முடியாது. ஆமை இரவில்தான் கரையேறும், பெரும்பாலும் பச்சை ஆமை. கெராச்சுட் கரையில் மீன்வளத்துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது, முட்டைகளை எடுத்துவந்து வேலிக்குள் மணலில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். பகலில் போனால் அந்த நிலையத்தைப் பார்க்கலாம், தொட்டியில் குஞ்சு இருந்தால் மகனின் அதிர்ஷ்டம். கரையில் அகலமான சக்கரத் தடம் மாதிரி ஏதாவது தெரிந்தால் அது ஆமை ஏறிப்போன வழிதான், அதை மிதிக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: தீபாவளி விடுமுறையில் போகலாமா? அல்லது கே.எல்.லிலிருந்து (கோலாலம்பூர்) ஒரே நாளில் போய்வர வேறு இடம் உண்டா? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: தீபாவளி சமயம்தான் பினாங்கில் மழை கொட்டுகிற மாதங்கள். போகத்தான் வேண்டும் என்றால் மழைக்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி வாருங்கள், காலையில் மேகம் கறுத்திருந்தால் காட்டுக்குப் போகாமல் தெலுக் பகாங்கிலேயே வண்ணத்துப்பூச்சிப் பண்ணை எந்தோபியாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

கே.எல்.லிலிருந்து பினாங்குக்கு 350 கிலோமீட்டர், ஒரே நாளில் போய்வருவது வண்டி ஓட்டுகிறவருக்குச் செய்கிற பாவம். அதற்குப் பதில் போர்ட்டிக்சன் பக்கத்து தஞ்சோங் துவானுக்குப் போங்கள், ஒன்றரை மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். அங்கேயும் காடு, கலங்கரை விளக்கம், கீழே சின்னச் சின்னக் கடற்கரைகள். கலங்கரை விளக்கம் வரை தார்ச்சாலை, கடற்கரைக்கு இறங்குகிற பாதைதான் செங்குத்து, இறங்கும்போது தெரியாது, ஏறும்போது மூச்சு வாங்கும். வேடிக்கை என்னவென்றால் சுற்றிலும் நெகிரி செம்பிலான் மாநிலம், அந்தத் துண்டு நிலம் மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. மார்ச் மாதத்தில் போனால் இன்னும் நல்லது. குளிர்காலத்தை சுமத்ராவில் கழித்த தேன்பருந்துகள் மலாக்கா நீரிணை குறுகலாக இருக்கிற அந்த இடத்தில்தான் கடலைக் கடந்து வடக்கே திரும்பும், வெயில் ஏறிய பிறகு கூட்டம் கூட்டமாகத் தலைக்கு மேலேயே வரும். ஒரு பைனாகுலர் இரவல் வாங்கிப் போங்கள்.