பழைய உடுப்பில் பெரிய பூதம்

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து, கொட்டியாரக் குடாவிலிருந்து வரும் கடல்பூதத்தை வைத்து ஒரு குறும்படம் எடுத்தோம். ஊரில் நல்ல வரவேற்பு. இப்போது இரண்டாம் பாகம். பூதம் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும். கையில் பழைய ஸ்பொஞ் உடுப்புத்தான் இருக்கிறது. புதிது செய்யக் காசில்லை. என்ன செய்யலாம்? (வாசகர், உப்புவெளி)

தம்பி, அந்த உடுப்பே போதும். அதன் உருவத்தைச் சனம் பார்த்துவிட்டது. இனிக் காட்ட வேண்டியது அதன் பாரத்தை. அதைக் கமராவின் வேகத்தால் கொண்டுவரலாம்.

பெரிய உடம்பு மெதுவாகத்தான் திரும்பும், மெதுவாகத்தான் விழும். படவேகத்தை, அதாவது கமரா செக்கனுக்கு எடுக்கும் பிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கையை, கூட்டி எடுத்து வழமையான 24இல் ஓட்டினால் அசைவு மெதுவாகத் தெரியும். பூதம் ஆளைவிட எத்தனை மடங்கு பெரிதோ, அதன் வர்க்கமூலத்தால் படவேகத்தைப் பெருக்குங்கள். நாலு மடங்கு என்றால் செக்கனுக்கு 24 பிரேமுக்குப் பதில் 48. பதினாறு மடங்கு என்றால் 96. போனில் 60, 120 இரண்டும் இருக்கும். 120இல் எடுத்து எடிட்டிங்கில் சரிசெய்யலாம். 1954இல் வந்த ஜப்பானிய ‘கொட்சில்லா’வும் உடுப்புக்குள் ஆள் நடந்த படம்தான். அடுத்த ஆண்டே வந்த அதன் இரண்டாம் பாகத்தில், சில சண்டைகளில் கமரா வேகம் குறைந்துபோய்ப் பூதங்கள் பரபரவென்று பாயும். பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

வேகம் கூடினால் வெளிச்சமும் கூட வேண்டும். இரவில் போனில் 120 வைத்தால் படம் முழுக்கப் புள்ளி விழும். ஆனால் உங்களுக்கு உப்புவெளிக் கரை இருக்கிறதே! விடியற்காலையில் பூதத்தைக் கடலில் நிறுத்தி, கமராவை மணலோடு மணலாகத் தாழ்த்தி, கரையிலிருந்து எடுங்கள். சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் எழும்பும். தையலும் ஒட்டும் இருட்டில் மறைந்துவிடும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்துக் காலைகள் இதற்கு நல்லது. மார்கழி வாடையில் கடலுக்கே போகாதீர்கள்.

இருக்கிற காசைத் தலைக்கும் ஒரு கைக்கும் செலவழியுங்கள். ரெஜிபோமில் செதுக்கி, இறப்பர் பாலில் தோய்த்த டிசு பேப்பரை அடுக்கடுக்காக ஒட்டுங்கள். அரைகுறையாகக் காயும்போது விரலால் மெல்லத் தள்ளினால் தோல் சுருங்கி மடியும், கழுத்தடியில் முக்கியமாக. நிறம் பூசியபின், கிளிசரின் கலந்த தண்ணீரை விசிறுங்கள்; வெயிலிலும் பளபளப்பு நிற்கும். தொட்டித் தண்ணீரில் பொம்மைப் படகைக் கவிழ்க்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். படகைச் சிறிதாக்கலாம், தண்ணீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது.

ட்ரோன் பறக்கவிடுவதென்றால் முதலில் அனுமதி எடுங்கள். திருமலை கடற்படைத் தளம் உள்ள ஊர்.

அப்புறம், நனைந்த ஸ்பொஞ் ஆளைக் கீழே இழுக்கும். உடுப்பின் பாதங்களில் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். இடுப்பளவுக்கு மேல் நடிகரை இறக்கவே வேண்டாம். நீந்தத் தெரிந்த இருவர், பிரேமுக்கு வெளியே, எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நிற்கட்டும்.