யாருடைய அம்மா?

வணக்கம். சொந்தமாக ஒரு மொழி உருவாக்கி வருகிறேன். அதில் என் குடும்பத்தைப் பற்றிப் பத்து வரி எழுத உட்கார்ந்தேன். ‘பாட்டி அம்மாவிடம் அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள்’ என்ற மூன்றாம் வரியிலேயே குழம்பி நின்றுவிட்டேன். உறவுச் சொற்கள் முப்பதை இணைத்துள்ளேன். அம்மாவுக்கு ‘நோலா’ என்று வைத்தது செயற்கையாக இருக்கிறதா? எல்லா மொழியிலும் ‘ம’ வருகிறதே?

— வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

புது மொழியை வீட்டுக்குள்ளிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். மனம் நிறைந்தது.

ஒலியை விடுங்கள். ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா, ‘தேதா’ என்றால் அம்மா. நோலா இருக்கட்டும்.

எனக்குக் கோபம் உங்கள் பட்டியல்மேல்தான். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் உங்கள் சொல். ‘கசின்’ என்பதற்கு நேராக ஒற்றைச் சொல். தமிழ் பேசுகிற உங்களுக்கு இது எப்படிப் போதும் என்று பட்டது? அப்பா வழி, அம்மா வழி. அவர்களோடு பிறந்த ஆண், பெண். அவர்கள் பிள்ளைகளில் ஆண், பெண். நம்மைவிட மூத்தவர், இளையவர். மொத்தம் 16 கட்டம். எவற்றை ஒரே சொல்லில் சேர்ப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு சொல் தேடுங்கள். 1887இல் வந்த எஸ்பெராந்தோ என்ற உருவாக்கப்பட்ட மொழியில்கூட அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே ‘ஃப்ராத்தோ’தான்.

அதைவிட முக்கியமானது ஒன்று. கல்லும் மரமும் தனியாக நிற்கும். தங்கை நிற்காது, யாருக்குத் தங்கை என்ற கேள்வி கூடவே வரும். சங்கத் தமிழ் அந்தப் பதிலைச் சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தது. எந்தை என் அப்பா, நுந்தை உன் அப்பா, தந்தை அவன் அப்பா. யாய், ஞாய், தாய். எங்கை, நுங்கை, தங்கை. இன்று ‘என் தங்கை’ என்கிறோம். அந்தத் ‘த’வுக்குள் ‘தன்’ இருந்ததே மறந்துபோயிற்று.

உங்கள் மொழியில் என், உன், தன் மூன்றுக்கும் மி, சு, தே இருக்கின்றன. அவற்றை முன்னால் ஒட்டுங்கள், பிறகு தேய விடுங்கள். மிநோலா மின்லா ஆகட்டும். சுநோலா சுன்லா, தேநோலா தென்லா. தேயாவிட்டால் அது வெறும் ‘என் அம்மா’தான், இடைவெளி மட்டும் போயிருக்கும். அம்மா, அப்பா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை: 6 வேர், 18 வடிவம். அதோடு நிறுத்துங்கள். மாமா அத்தை வரை போனால் நினைவில் நிற்காமல் நீங்களே கைவிட்டுவிடுவீர்கள். அவர்களுக்குத் தனி ‘மி’ போதும். கூப்பிடும்போது ஒட்டே வேண்டாம், நோலா என்றே கூப்பிடலாம்.

‘தே’ எப்போதும் எழுவாயையே சுட்டும் என்று ஒரு விதி வையுங்கள். இப்போது உங்கள் மூன்றாம் வரியைப் பாருங்கள்: பாட்டி மின்லாவிடம் தென்லாவைப் பற்றிச் சொன்னாள். மின்லா உங்கள் அம்மா, தென்லா பாட்டியைப் பெற்றவள். நான்காம் வரியை எழுதி அனுப்புங்கள்.