பஸ் டிரைவர் என்றால் பஸ் டிரைவர்தான்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் 43 பேர் இந்த ஆண்டு பள்ளியை முடித்துப் போகிறார்கள். பிரிவு விழாவுக்குச் சின்னதாக ஒரு மலர் போடுகிறோம். ஒவ்வொருவரைப் பற்றியும் நாலைந்து வரி, அடியில் ‘லட்சியம்’ என்று ஒரு வரி. கொஞ்சம் சிரிப்பும் இருக்கட்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. வம்பு வரும் என்று தலைமையாசிரியர் பயப்படுகிறார்.

எழுதிப் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி வருகிறது. ‘அன்பும் பண்பும் மிக்கவர், நட்பைப் போற்றுபவர்’ என்றே பேனா போகிறது. பத்துப் பேருக்கு மேல் ஐ.ஏ.எஸ். என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஆடு குட்டி போடுகிறது என்று முதல் பாடவேளைக்கு வராமல் போகிற ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு ‘மருத்துவர்’ என்று போட்டிருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வருகிற பஸ்ஸைப் பார்க்காமலே சத்தத்தை வைத்து எந்த வண்டி என்று சொல்லிவிடும் பையன் ஒருவன். பஸ் டிரைவர் ஆக வேண்டும் என்று எழுதியிருந்தான். மலரில் அப்படியே போட்டால் நன்றாக இருக்காதே என்று ‘போக்குவரத்துத் துறையில் உயர் பதவி’ என்று மாற்றிவிட்டேன்.

நகைச்சுவை எதுவரை போகலாம்? எத்தனை வரி எழுதலாம்? மலருக்கு ஒரு தலைப்பும் முன்னுரைக்கு ஒரு கவிதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள டீச்சர்,

மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது. ரேங்க் போயிற்று, பேட்டி போகவில்லை. ரிசல்ட் வந்த அன்று வாயில் லட்டோடு நிற்கிற பிள்ளையிடம் மைக்கை நீட்டி ‘உங்க லட்சியம் என்ன?’ என்கிறார்கள். பிள்ளையும் ‘ஐ.ஏ.எஸ். ஆகி ஏழைகளுக்கு சேவை செய்யணும்’ என்கிறது. எல்லாப் பிள்ளையும் ஏன் அதையே சொல்கிறது என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

தலைப்பையும் கவிதையையும் விடுங்கள். தலைப்பைப் பிள்ளைகள் வைக்கட்டும்; கவிதை வேண்டவே வேண்டாம். தலைமையாசிரியரின் பயத்துக்கும் எளிய மருந்து இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் அவரவரைப் பற்றி எழுதியதை அவரவரிடமே படிக்கக் கொடுத்து, சம்மதம் என்று ஒரு கையெழுத்து வாங்குங்கள். மாற்றச் சொன்னால் காரணம் கேட்காமல் மாற்றுங்கள்.

அந்தப் பையனிடம் வருகிறேன். நீங்கள் செய்தது தப்பு, டீச்சர். வருத்தத்தோடும் கொஞ்சம் கோபத்தோடும்தான் சொல்கிறேன். 43 பேரில் ஊர் சொல்லிக்கொடுத்த பதிலை எழுதாமல் தன் பதிலை எழுதியவன் அவன். அதைத்தான் அடித்திருக்கிறீர்கள். ‘போக்குவரத்துத் துறையில் உயர் பதவி’ என்று அந்தப் பையன் ஆயுளில் நினைத்திருக்க மாட்டான். மலர் கையில் கிடைத்ததும் தன் பெயரைத் தேடி, அதன் கீழே யாரோ ஒருவனின் ஆசையைப் படிப்பான். தான் சொன்னது வெளியே சொல்லக் கூடாத சங்கதி என்று டீச்சரே தீர்ப்பு எழுதிவிட்டதாக அவனுக்குப் புரியும்.

அவன் கேட்பது எவ்வளவு பெரிய வேலை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, மலை உங்கள் பள்ளி வாசலிலேயே இருக்கிறது. காரவள்ளியில் ஏற ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. மேலேறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் முன்கூட்டியே பார்த்து, இடம் இருக்கிற வளைவில் ஒதுங்கி நிற்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக் கூடாது. டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் போகும். சின்ன கியரில் போட்டு என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி இறக்க வேண்டும். ஏர் பிரேக் வண்டியில் காற்று மீட்டர் முள் போதுமான அளவுக்கு ஏறாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. இத்தனையும் செய்துகொண்டே, முன்னால் நின்று பேச்சுக் கொடுக்கிற ஆளுக்கும் பதில் சொல்ல வேண்டும். சத்தத்தை வைத்து வண்டியைச் சொல்கிற பையனுக்கு இதில் பாதி இப்போதே தெரிந்திருக்கும். கூப்பிட்டுக் கேளுங்கள். பத்து நிமிடத்தில் உங்கள் மலரின் மிகச் சிறந்த பக்கம் கிடைத்துவிடும்.

அவனுக்கு வழியும் இருக்கிறது, அதையும் அதே பக்கத்தில் எழுதலாம். 18 வயதில் இலகுரக வாகன உரிமம். முதலில் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமம்; அது ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டலாம். பஸ் போன்ற வண்டிக்கு 20 வயது ஆக வேண்டும், இலகுரக உரிமம் வாங்கி ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும். நடுவில் இருக்கிற இரண்டு வருடத்துக்கு அளந்து வைத்தது போல ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஐ.டி.ஐ.யும் சேர்த்திதான். என்ஜினைப் பிரித்து மாட்டத் தெரிந்த டிரைவருக்கு உங்கள் ஊரில் மரியாதையே வேறு. லாரிக்கு பாடி கட்டுகிற ஊர் அது.

நீங்கள் எழுதிய தகவலை வைத்து எழுதிப் பார்த்தேன்:

‘ஜன்னலோர இருக்கை இவனுக்கு என்பது வகுப்பின் எழுதாத சட்டம். ஹார்ன் வேண்டாம், கியர் மாற்றும் சத்தம் போதும். எந்த வண்டி, யார் டிரைவர், எத்தனை நிமிடம் லேட் என்று சொல்லிவிடுவான். நம்பாமல் எட்டிப் பார்த்தவர்களில் ஆசிரியர்களும் உண்டு. பஸ் டிரைவர் ஆகப்போகிறான். இரண்டு வருடம் ஐ.டி.ஐ., அப்புறம் பெரிய உரிமம், அப்புறம் 70 வளைவு. முதல் டிரிப்பில் வகுப்புக்கே முன் சீட் என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். 42 முன் சீட்டுக்கு எங்கே போவான் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.’

வாக்குக் கொடுத்ததும் லேட் கணக்கும் எட்டிப் பார்த்த ஆசிரியர்களும் என் கற்பனை. அவனிடம் கேட்டு உண்மையை அந்த இடத்தில் வையுங்கள். உண்மை இதைவிட நன்றாகத்தான் இருக்கும்.

ஆட்டுக்குட்டிப் பெண்ணுக்கு ‘மருத்துவர்’ என்று போட்டீர்களே, எந்த மருத்துவர் என்று அவளிடம் கேட்டீர்களா? கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருக்கிறது. ஐந்தரை வருடப் படிப்பு. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவப் படிப்புக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இலும் வந்தது. அவள் ஆசை அதுதான் என்றால் ‘கால்நடை மருத்துவர்’ என்று முழுசாகப் போடுங்கள். ஒரு சொல் கூடுவதால் மலர் ஒன்றும் கனத்துவிடாது. நீட்டை நினைத்துப் பயந்து வேறு எதிலோ சேரப் போகிறாளா என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடும். மலருக்காக இல்லாவிட்டாலும் அதைக் கேட்டே ஆக வேண்டும்.

ஐ.ஏ.எஸ். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. அந்த ஆசையை ஒரு சொல்லோடு நிறுத்துகிறோமே, அதுதான் குறை. தேர்வு எழுத 21 வயது ஆக வேண்டும், ஏதாவது ஒரு பட்டம் வேண்டும்; எந்தப் பட்டமானாலும் சரி. 17 வயதுப் பிள்ளைக்கு நடுவில் நாலு வருடம் கிடக்கிறது. அந்த நாலு வருடத்தில் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ‘கலெக்டர் ஆன முதல் நாள் எந்த ஃபைலை எடுப்பாய்?’ என்றும் கேளுங்கள். ஒருத்தி எங்க ஊருக்கு ராத்திரி பஸ் என்பாள். ஒருவன் அப்பா அலைகிற பட்டா என்பான். அதை எழுதுங்கள். பட்டாவைச் சொன்ன பையனிடம் வி.ஏ.ஓ. பற்றியும் சொல்லுங்கள், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் வருகிற பதவி அது, அவன் கோபத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற நாற்காலி.

எல்லாப் பிள்ளையும் ஒன்றையே சொல்வதற்குக் காரணம் நாம் கேட்கிற கேள்விதான். ‘லட்சியம்’ என்று அச்சடித்து அதன் எதிரில் இரண்டு அங்குலம் கோடு போட்டுக் கொடுத்தால், அந்தக் கோட்டில் அடங்குகிற, யாரும் மறுபேச்சு பேச முடியாத ஒரு பதவியின் பெயரைத்தான் பிள்ளை எழுதும். படிவத்தைக் கிழித்துப் போடுங்கள். ஒவ்வொருவரோடும் பத்து நிமிடம் உட்காருங்கள். ஸ்டாஃப் ரூமில் வேண்டாம், மரத்தடி நல்லது. ஒரு பாடவேளைக்கு நாலு பேர் என்றால் 11 பாடவேளையில் 43 பேரும் முடிந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை எழுந்ததிலிருந்து தூங்குகிறவரை என்ன செய்தாய்? வீட்டில் எது ரிப்பேர் ஆனால் உன்னைக் கூப்பிடுவார்கள்? வகுப்பில் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாய்? ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே இருப்பாய்? இவ்வளவு போதும். கடைசிக் கேள்விக்கு ‘தெரியல டீச்சர்’ என்று பதில் வந்தால் அதை மலரில் போடாதீர்கள். அந்தப் பிள்ளையின் பெயரைத் தனியாகக் குறித்துவைத்து மே மாதம் வீட்டுக்குப் போன் பண்ணுங்கள். பெண் பிள்ளை என்றால் கட்டாயம் பண்ணுங்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மேலே படிக்க மாதம் 1,000 ரூபாய் வருகிறது என்பதை அம்மா காதில் நேராகப் போட வேண்டும்.

கேட்டதை அன்று சாயங்காலமே எழுதிவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் பிள்ளையின் பேச்சு மறந்து ‘அன்பும் பண்பும்’ திரும்ப வந்துவிடும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளை முதலில் எழுதுங்கள். துடுக்கான பிள்ளைகளைப் பற்றிக் கடைசி நாளிலும் எழுத விஷயம் இருக்கும். அமைதியான பிள்ளை கடைசியில் மாட்டினால் அதற்கு இரண்டு வரிதான் மிஞ்சும்.

சிரிப்புக்கு எல்லை கேட்டிருந்தீர்கள். உடம்பு, நிறம், மார்க், காதல், வீட்டுத் தொழில், சாதி, திக்குவாய் எதையும் தொடக் கூடாது. பட்டப்பெயர், அந்தப் பிள்ளையே சிரித்துக்கொண்டு சொன்னால் மட்டும். பழக்கத்தை வைத்தும் கெட்டிக்காரத்தனத்தை வைத்தும் எவ்வளவு வேண்டுமானாலும் சிரிக்கலாம். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்; முடியாத வரியை எடுத்துவிடுங்கள்.

அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். 70 சொல் என்று வையுங்கள், பத்து கூடலாம், பத்து குறையலாம். பிள்ளைகள் வரி எண்ணுவார்கள். ஏ4 தாளைப் பாதியாக மடித்த அளவில் பக்கத்துக்கு மூன்று பேர் என்றால் 15 பக்கம். அட்டை, குரூப் போட்டோ, உரிமமும் உதவித்தொகையும் பற்றிய ஒரு தகவல் பக்கம் எல்லாம் சேர்த்து 20 பக்கம். ஐந்து தாளை மடித்து நடுவில் பின் அடித்தால் புத்தகம் தயார். பக்கக் கணக்கு நாலின் மடங்காக இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும்.

டி.டி.பி. கடையில் எந்த எழுத்துருவில் வேலை செய்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். நீங்கள் யூனிகோடில் அடித்ததை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பு இடம் மாறும், ஸ்ரீயும் க்ஷவும் உடையும். பிள்ளைகளின் பெயரில்தான் அந்த எழுத்துகள் அதிகம். இனிஷியலையும் பெயரையும் பள்ளிப் பதிவேட்டில் உள்ளபடியே வையுங்கள். கடைசி ப்ரூஃபை நீங்கள் ஒருத்தியே பார்க்க வேண்டாம், ஒரு நாள் வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள்.