நைட்ரிக் ஆக்சைடும் புற்றுநோயும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய். நைட்ரிக் ஆக்சைடு கட்டியை அழிக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆர்ஜினின் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?

வேண்டாம் அம்மா. வீடியோ சொன்னது பாதிதான். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து இந்த வாயுவை நம் உடலே தயாரிக்கிறது. சில நொடிகளில் அது மறைந்தும் போகிறது. மேக்ரோபேஜ் என்ற வெள்ளை அணு இதை ஏராளமாகச் சுரந்தால் புற்றுச்செல்லின் டிஎன்ஏ சிதைந்து அது சாகும். அதே வாயு கட்டிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக, நாள்கணக்கில் ஊறினால் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கட்டிக்கே சாப்பாடு போகும். எங்கே, எவ்வளவு என்பதுதான் விஷயம். அதைப் பவுடரால் தீர்மானிக்க முடியாது. போன மாதம் ஒருவர் டப்பாவையே என் மேசையில் வைத்தார். அவருடைய அம்மாவுக்கு அப்போது கீமோவோடு வயிற்றுப்போக்கும் சேர்ந்திருந்தது. ஆர்ஜினின் அதிகமானாலும் வயிறு போகும். டப்பாவை மூடிவைக்கச் சொன்னேன்.

கேள்வி: நெஞ்சுவலிக்குத் தரும் நைட்ரோகிளிசரினைப் புற்றுநோய்க்கும் தருகிறார்களாமே?

தந்து பார்த்தார்கள். அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும். 2006இல் ஜப்பானில் 120 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. கீமோவோடு தோலில் நைட்ரோகிளிசரின் பட்டையும் ஒட்டியவர்களில் 72 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. கீமோ மட்டும் பெற்றவர்களில் 42 சதவீதம். எங்களுக்கெல்லாம் பெரிய எதிர்பார்ப்பு. அப்புறம் ஆஸ்திரேலியாவில் இன்னும் அதிகம் பேரிடம் சோதித்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. நீங்களாக ஒட்டிக்கொள்ளாதீர்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கிவிடும்.

கேள்வி: அப்படியானால் கட்டிக்குள் நைட்ரிக் ஆக்சைடைத் தடுக்கும் மருந்து உண்டா?

ஆராய்ச்சியில் இருக்கிறது. அமெரிக்காவின் ஹூஸ்டனில், கீமோவுக்கு மசியாத டிரிபிள் நெகட்டிவ் (ஹார்மோன் மருந்துகள் வேலை செய்யாத ஒரு வகை) மார்பகப் புற்றுநோய்க்கு, இந்த வாயு உருவாவதைத் தடுக்கும் மருந்தை டோசிடாக்செல் என்ற கீமோ மருந்தோடு கொடுத்தார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் கட்டி சுருங்கியது. எனக்கு இதில் உண்மையான நம்பிக்கை இருக்கிறது. ஆனால் சிறிய ஆய்வு, ஒப்பிட வேறு குழு இல்லை. மருந்துக்கடையில் கேட்கும் நிலை இன்னும் வரவில்லை.

கேள்வி: பீட்ரூட், கீரையில் உடலில் நைட்ரிக் ஆக்சைடாக மாறும் நைட்ரேட் இருக்கிறதே, நிறுத்திவிடவா?

தாராளமாகச் சாப்பிடுங்கள். குறைக்க வேண்டியது சாசேஜ், பேக்கன் வகையறா; பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2015இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்துவிட்டது. பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பயப்படாதீர்கள். சாப்பிடாமலே சிவந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.