விண்மீனைப் பார்த்து எழுதினால் விஞ்ஞானிகள் மதிப்பார்களா?

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரு 10x50 பைனாகுலர் மட்டுமே. அறிவியல் பட்டம் இல்லை. நான் எடுக்கும் குறிப்புகளை ஆய்வாளர்கள் பொருட்படுத்துவார்களா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கட்டாயம். ஹார்வர்டு வானாய்வக இயக்குநர் பிக்கரிங் 1882-லேயே, மாறொளி விண்மீன்களை (பிரகாசம் கூடிக் குறையும் மீன்களை) பார்த்துக் குறிப்புத் தரும்படி பெண்கள் உட்பட ஆர்வலர்களை அழைத்தார். அந்த வழியில் 1911-ல் உருவானதுதான் ஏ.ஏ.வி.எஸ்.ஓ. என்ற அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர்கள் அமைப்பு. தொடங்கியவர் ஒரு வழக்கறிஞர்.

இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெசோரின் கருவூலத்தில் வேலை பார்த்த ராதா கோவிந்த சந்திராவுக்கு அந்த அமைப்பினர் 1926-ல் ஒரு 6 அங்குலத் தொலைநோக்கியைக் கடல் கடந்து அனுப்பிவைத்தார்கள். அவர் பள்ளி இறுதித் தேர்வில் தேறாதவர் என்பது அங்கே குறுக்கே நிற்கவில்லை. அந்தக் கருவி பின்னர் வானியலாளர் வேணு பாப்புவிடம் போய், நம் காவலூர் வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. ஜப்பானிலும் இதே கதைதான். 2023 மே மாதம் எம்101 விண்மீன் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவாவை முதலில் அறிவித்தவர் இதாகாகி என்ற ஆர்வலர். உடனே உலகின் பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின.

ஆய்வாளர்கள் ஒதுக்குவது சரிபார்க்க முடியாத குறிப்பைத்தான். 'நேற்று திருவாதிரை மங்கலாக இருந்தது' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை.

கேள்வி: அப்படியானால் எப்படி எழுதுவது?

பதில்: திருவாதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் மாறொளி மீன்தான்; பைனாகுலர்கூட வேண்டாம். அதைவிடப் பிரகாசமான ஒன்று, மங்கலான ஒன்று என இரண்டு ஒப்பீட்டு மீன்கள் தேவை. பிரகாசத்தைக் குறிக்கும் ஒளித்தர எண்ணில் புரோசியான் 0.4, ரோகிணி 0.9; எண் குறைந்தால் பிரகாசம் அதிகம். இந்த இடைவெளியை மனத்தில் ஐந்தாகப் பிரியுங்கள். புரோசியானிலிருந்து இரண்டு பங்கு தள்ளி இருப்பதாகத் தோன்றினால் 0.6. ஒரு தசமம் போதும்.

பிழை வரும் இடங்கள் தெரிந்தவைதான். திருவாதிரை சிவப்பு, உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குப் பிரகாசம் கூடிக்கொண்டே போகும். ஆகவே சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிடுங்கள். அடிவானத்தருகே காற்று ஒளியைத் தின்றுவிடும். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும்போது ஒப்பிடுங்கள். பழைய குறிப்பைப் புரட்டிவிட்டுப் பார்க்கவே கூடாது. கண் அதே எண்ணைத்தான் தேடும்.

அதிகம் பேர் சறுக்குவது நேரத்தில். நம் நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடத்தைக் கழித்து உலக நேரத்தில் எழுத வேண்டும்: இரவு 8.30 என்றால் 15.00. நள்ளிரவு தாண்டி அதிகாலை 5.30-க்குள் பார்த்திருந்தால் தேதியும் முந்தைய நாளுக்குப் போய்விடும். ஒப்பீட்டு மீன்களின் பெயர், நீங்கள் பயன்படுத்திய விண்மீன் வரைபடத்தின் எண், நிலவு இருந்ததா, மெல்லிய மேகம் இருந்ததா என்பதையும் சேர்த்து ஏ.ஏ.வி.எஸ்.ஓ. அமைப்புக்கு அனுப்புங்கள். ஐயமாக இருந்தால் ஐயம் என்றே குறியுங்கள். அதற்கும் படிவத்தில் இடம் உண்டு.