கவலைப்பட்டதால்தான் மதினிக்குக் கட்டி வந்ததா?

கேள்வி: போன வருஷம் ஆனியில் எங்கள் அண்ணன் தவறிப்போனார். தைக்குள் மதினிக்கு மார்பில் கட்டி. "அழுது அழுதே சீக்கை இழுத்துக்கிட்டா" என்று வருகிற ஆச்சிமாரெல்லாம் அவர் காதுபடவே பேசுகிறார்கள். பாளையங்கோட்டையில் ஆபரேஷன், கீமோ, கரண்ட் எல்லாம் முடிந்து இப்போது டாமாக்சிஃபென் மாத்திரை 5 வருஷத்துக்கு. உடம்பு தீயாய் எரிகிறது என்று ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறார். எதிர்ப்பு சக்திக்கு சீந்தில் கசாயம் வேறு குடிக்கிறார். கவலையால் கேன்சர் வருமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: முதலில் அந்த ஆச்சிமாரின் வாயை அடக்குங்கள். கையில் தட்டுப்படுகிற கட்டி என்றால் அதில் கோடிக்கணக்கான செல்கள் இருக்கும், அது ஆனிக்கும் தைக்கும் நடுவில் முளைத்து நிற்கிற காரியமில்லை, பெரும்பாலும் பல வருஷ வளர்ச்சி. அண்ணன் நடமாடிய நாளிலேயே உள்ளே இருந்திருக்கும். ஐரோப்பாவில் 1,16,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வில், வேலை அழுத்தத்துக்கும் மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கும் தொடர்பு தென்படவில்லை. வேலை அழுத்தமும் புருஷனைப் பறிகொடுத்த துக்கமும் ஒன்றா என்பீர்கள். இல்லைதான். ஆனாலும் ஒரு பெண்ணின் தலையில் பழி போட இது போதாது.

அதற்காக நரம்புக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கட்டி வருவது வேறு, வந்தது வளர்வது வேறு. அதே 2013-ல் நியூயார்க்கில் புராஸ்டேட் புற்றுநோய் உள்ள எலிகளை வைத்துப் பார்த்தபோது, கட்டிக்குள் நரம்பு இழைகள் புகுந்து அது வளர உதவுவதும், அந்த நரம்புகளைச் செயலிழக்கச் செய்தால் வளர்ச்சி தடைபடுவதும் தெரிந்தது. பதற்றத்தில் சுரக்கிற நார்அட்ரினலின் கட்டிக்குப் புது ரத்தக்குழாய்கள் முளைக்கத் தூண்டுவதையும் எலிகளில் கண்டிருக்கிறார்கள். எலிகளில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

ஹார்மோன் விஷயம் இதைவிட உறுதி, பழையதும்கூட. 1896-ல், சினைப்பையில் சுரந்து பல மார்பகக் கட்டிகளை வளர்க்கிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை யாரும் பிரித்தெடுக்காத காலத்திலேயே, ஸ்காட்லாந்து சர்ஜன் ஜார்ஜ் பீட்சன் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்குச் சினைப்பையை எடுத்துவிட, கட்டி சுருங்கியதை எழுதி வைத்தார். மதினியின் மாத்திரை அந்த வழியில் வந்ததுதான். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தாலும் உங்கள் மடையை அடைத்தால் வயல் காயுமே, அப்படித்தான் டாமாக்சிஃபென்: ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் இருக்கும், ஆனால் மார்பக செல்லில் அது போய் ஒட்டுகிற இடத்தை மாத்திரை பிடித்துக்கொள்ளும். ஆபரேஷனுக்குத் தப்பி எங்கேயாவது ஒளிந்திருக்கும் செல்லுக்காகத்தான் 5 வருஷம். இஷ்டத்துக்கு விட்டுவிட்டுப் போட்டால் அந்தப் பாதுகாப்பு குறையும். எரிச்சலை டாக்டரிடம் சொன்னால் வழி உண்டு. ஆனால் மனச்சோர்வுக்கான ஃப்ளூவாக்ஸடின், பராக்ஸடின் போன்ற சில மாத்திரைகள் டாமாக்சிஃபெனின் வேலையைக் கெடுக்கக்கூடும், அதனால் வேறு யார் எது எழுதிக் கொடுத்தாலும் கேன்சர் டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடட்டும். தீட்டு நின்றபின் ரத்தம் பட்டால் அன்றைக்கே போக வேண்டும்.

அப்புறம் சீந்தில். எதிர்ப்பு சக்தி என்பது கூட்டக் கூட்ட நல்லது என்று நினைக்கிறோம். அதில் ஒரு பகுதி, மேக்ரோஃபேஜ் என்கிற செல்கள், பல கட்டிகளுக்குள் போய் அதன் பக்கமே சேர்ந்துகொள்கின்றன. கட்டியை அழிக்க வேண்டிய டி செல்களையோ கட்டி அடக்கி வைக்கிறது, அதை விடுவிக்கும் வழி காட்டியதற்குத்தான் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் 2018-ல் நோபல். அந்த வழியில் வந்த மருந்துகளிலும் விடுபட்ட டி செல்கள் சிலருக்குத் தைராய்டையும் குடலையும் தாக்கும். சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள், உடம்பின் எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கியது போன்ற பாதிப்பு அது. கசாயச் சட்டியைக் கவிழ்த்து வையுங்கள்.

கேள்வி: நரம்புப் படபடப்புக்குத் தரும் புரோபிரனலால் கேன்சரைத் தடுக்கும் என்று மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். வாங்கிப் போடலாமா?
- ஒரு வாசகர், சங்கரன்கோவில்

பதில்: வேண்டாம். ஆபரேஷன் சமயத்தில் சிலருக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் உண்டு, அதிலிருந்து கேன்சரைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சே திணறும். மச்சானுக்கு வீசிங் இருந்தால் இதை முதலில் அவருக்கு அனுப்புங்கள்.